வெள்ளை எது?

ஆம்பூரில் என் நண்பர் ஒருவர் தோல் ஷாப் வைத்திருக்கிறார். காலணிகளுக்கு வேண்டிய மேல்தோலைப் பதனிட்டுச் சாயமேற்றி வெளிநாட்டுக்கு அனுப்புவது அவர் தொழில். சென்ற மாதம் நான் போயிருந்தபோது மனிதர் முகத்தில் களையே இல்லை. அனுப்பிய பழுப்புத் தோலை வேண்டாம் என்று வாங்குபவர் எழுதிவிட்டாராம். ஒப்புக்கொண்ட நிறம் இதுவல்ல என்பது புகார். மாதிரித் துண்டு தபாலில் வந்து சேருமுன், அவசரத்தில், கம்ப்யூட்டர் திரையில் தெரிந்த படத்துக்கு நேராகத் தோலைப் பிடித்துப் பார்த்துச் சாயம் போட்டிருக்கிறார் நண்பர்.

"நாற்பது வருஷமாக நிறம் பார்க்கிறேன். என் கண் பொய் சொல்லுமா?" என்றார்.

மறுநாள் சென்னையிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். திரையைப் போட்டுவிட்டு, "அரை மணி நேரம் சூடாகட்டும் சார்" என்று டீ குடிக்க உட்கார்ந்துவிட்டார். பிறகு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியைத் திரையின் முகத்தில் தொங்கவிட்டார். சிவப்பு, பச்சை, நீலம், பலவகைச் சாம்பல் என்று நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. காட்டச் சொன்ன நிறம் எது, திரை காட்டிய நிறம் எது என்று கருவி ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டது. அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் தன்னைத் திருத்திக்கொள்ளுமாம்.

திருத்தம் முடிந்ததும் நண்பர் பதறிப்போனார். "என்ன தம்பி, வெள்ளையெல்லாம் மஞ்சளடித்துவிட்டதே!"

"பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருங்கள் சார்" என்றார் இளைஞர்.

பத்து நிமிஷத்தில் அந்த மஞ்சள் வெள்ளையாகிவிட்டது. இளைஞர் பழைய நிலைக்கு ஒருமுறை மாற்றிக் காட்டினார். நீலம் அதிகமாகப் போட்டு அலசிய வேட்டிபோல் இருந்தது திரை. "இத்தனை நாளும் இதையா வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!" என்று நண்பர் வாயடைத்து நின்றார்.

எனக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. தவறான வெள்ளைக்குப் பழகிய கண்ணுக்குச் சரியான வெள்ளை அழுக்காகத் தெரிகிறது. இது கண்ணுக்கு மட்டுந்தானா?

நான் இந்தப் பக்கத்தில் பிறந்தவன். என் தகப்பனார் ஒரு தோல் ஷாப்பில் கணக்கு எழுதினார். நான் படித்த நாலு எழுத்துக்கும் தோல்தான் கூலி கொடுத்தது. ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொள்வேன். மறுநாள் காலையில் அந்த நாற்றம் இருக்காது. நாற்றம் எங்கும் போய்விடவில்லை, என் மூக்குத்தான் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. 'என் மனச்சாட்சி சுத்தமாக இருக்கிறது' என்று நாம் மார்தட்டுகிறோமே, அதற்கும் இப்படி ஒரு பழக்கம் இருக்கக்கூடும் அல்லவா?

தன் கண்ணைக்கொண்டே தன் கண்ணைத் திருத்த முடியாது. வெளியே ஓர் அளவு வேண்டும். அந்த அளவு எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து இறங்கவில்லை. 1931-ல் உலக விஞ்ஞானிகள் நிறத்தை எண்ணால் குறிக்க ஒரு முறை வகுத்தார்கள். அதற்கு ஆதாரமாக இருந்தவை இங்கிலாந்தில் ரைட், கில்டு என்ற இருவர் தனித்தனியே செய்த சோதனைகள். ஒருவர் பத்துப் பேரையும், மற்றவர் ஏழு பேரையும் உட்காரவைத்து நிறங்களைப் பொருத்தச் சொன்னார்கள். ஆக, அந்த அளவுக்கு அடியில் இருப்பவை பதினேழு மனிதர்களின் கண்கள்!

இதில் எனக்குப் பெரிய ஆறுதல் இருக்கிறது. நம்மைத் திருத்தும் கருவி பிறருடைய கண்தான். ஆனால் நமக்குப் பிடித்தமானவர்களின் கண்ணாக இருந்தால் போதாது. அவர்களும் நம் திரையைப் பார்த்தே பழகியவர்கள். நம் செய்கையின் விலையை யார் கொடுக்கிறார்களோ, அவர்களுடைய கண் வேண்டும்.

பாலாற்றங்கரையில் நடந்ததும் அதுதான். வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. தோல் ஷாப் வட்டாரங்களில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் முழுவதுமோ ஓரளவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக அதில் கண்டிருக்கிறது. கெடுத்தவனே கிரயம் கொடுக்க வேண்டும் என்றது கோர்ட். அன்று இந்த ஊரில் பலருக்கு அந்தத் தீர்ப்பு மஞ்சளடித்துத்தான் தெரிந்தது. 'எத்தனை குடும்பம் பிழைக்கிறது, அன்னியச் செலாவணி எவ்வளவு வருகிறது!' என்றார்கள். அதுவும் பொய்யல்ல. என் குடும்பமே அதற்குச் சாட்சி. ஆனால் உண்மையான ஒரு நிறத்தைக் காட்டி, இன்னொரு நிறத்தை மறைத்துவிட முடியுமா?

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். "அப்படியானால் ஷாப்பை மூடிவிடட்டுமா?" என்று கோபமாகக் கேட்டார்.

"அதைச் சொல்ல நான் யார்? உங்கள் பணத்தில் படித்தவனின் திரையும் சாயமேறியதுதானே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நெடுநேரம் கழித்து, "கழிவுநீர் கணக்கை நானே ஒருமுறை போய்ப் பார்க்கிறேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவ்வளவும் செய்வார் என்று நம்புகிறேன்.

இளைஞர் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "ஒருமுறை திருத்தினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள் சார். திரை தானாகவே மெல்ல மெல்ல நகர்ந்துவிடும். மாதம் ஒரு தடவை பார்க்க வேண்டும்."

1996-ல் திருத்தம் சொன்ன அதே கோர்ட், பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல நேர்ந்ததை நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கட்டுரையை ஊரிலிருந்தபடியே எழுதினேன். அடுத்த தடவை பஸ்ஸை விட்டு இறங்கியவுடன், மூக்குப் பழகுவதற்குள், இதை மறுபடி ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.