யார் பேரைப் போடுவது?

ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை எழுதி முடித்து ஜர்னலுக்கு அனுப்புவதில் எது ரொம்பக் கஷ்டம் என்று ஆராய்ச்சி மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் இங்கிலீஷ் என்பார். இன்னொருவர் படங்களின் ரெசல்யூஷன் என்பார். மேற்கோள் பட்டியலில் கமா எங்கே, புள்ளி எங்கே என்று தேடித் தேடியே தலைமுடி கொட்டிப் போனவர்களும் உண்டு. யாரும் சட்டென்று சொல்லாத, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த பதில் வேறு. தலைப்புக்கு நேர் கீழே வரும் ஒரே ஒரு வரி. யார் யார் பெயர், எந்த வரிசையில்?

இந்த உலகம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஆராய்ச்சி செய்து ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். அதை நாலு பேர் நம்ப வேண்டும் என்றால் அந்தத் துறையின் ஜர்னல் ஒன்றில் வெளியாக வேண்டும். ஒவ்வொரு ஜர்னலும், வரன் தேடும் குடும்பம் போல, தனித்தனியாக நிபந்தனை வைத்திருக்கும். சுருக்கம் 250 வார்த்தையைத் தாண்டக் கூடாது. பிறகு முன்னுரை, செய்முறை, முடிவுகள், விவாதம், இந்த வரிசையில்தான். இரட்டை இடைவெளியில் டைப் அடிக்க வேண்டும். மேற்கோள்களுக்கு ஒருவர் எண் கேட்பார், இன்னொருவர் பெயரும் வருஷமும் கேட்பார். ஒரு ஜர்னல் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டால், அடுத்த ஜர்னலுக்காக எல்லாவற்றையும் மறுபடி மாற்ற வேண்டும். விஷயம் அதேதான், உடுப்புதான் வேறு.

இந்தத் தலைவலியைக் குறைக்கத்தான் 1978ல் மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிப் பேசினார்கள். அடுத்த வருஷம் பொதுவான விதிகளை வெளியிட்டார்கள். மேற்கோள்களுக்கு இன்றைக்கும் 'வான்கூவர் பாணி' என்று ஒன்று இருப்பது அதனால்தான். வேடிக்கை என்னவென்றால், கமாவையும் புள்ளியையும் ஒழுங்குபடுத்த ஆரம்பித்த அந்தக் குழு, நாளடைவில் பெயரில் வந்து நின்றது. யாரை ஆசிரியர் என்று சொல்லலாம் என்பதற்கும் விதி எழுத வேண்டிய நிலைமை அவர்களுக்கு.

ஏன் என்று புரிந்துகொள்ள வான்கூவர் வரை போக வேண்டாம். தென்னூர் போதும்.

திருச்சியில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. 1844ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883ல் திருச்சிக்கு வந்த செயின்ட் ஜோசப், பிஷப் ஹீபர், ஜமால் முகமது, ஹோலி கிராஸ், துவாக்குடிப் பக்கம் என்.ஐ.டி., 1982ல் உருவான பாரதிதாசன் பல்கலைக்கழகம். இத்தனை பேர் ஆராய்ச்சி செய்யும் ஊரில் டைப் அடித்து, அட்டவணை போட்டு, பைண்டிங் செய்து தரும் கடைகளும் இருக்கத்தானே வேண்டும்? தென்னூர் ஹை ரோட்டுப் பக்கம் எனக்குப் பழக்கமான டிடிபிக்காரர் ஒருவர் இருக்கிறார். பிளஸ் டூ படித்தவர். உயிரியலில் ஒரு வரி தெரியாது. ஆனால் எந்த ஜர்னலுக்கு எந்த ஃபாண்ட், எத்தனை பாயின்ட் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

அவர் ஒருநாள் என்னிடம் ஒரு கட்டுரையின் முதல் பக்கத்தைக் காட்டினார். ஐந்து பெயர்கள். "சார், இந்த அஞ்சு பேர்ல ஒரே ஒரு பொண்ணைத்தான் நான் பார்த்திருக்கேன். அதுதான் பென் டிரைவைத் தூக்கிட்டு அலையுது. மத்த நாலு பேரும் யாருன்னே தெரியாது. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து டேபிள் போட்டது நான். நியாயமாப் பார்த்தா என் பேரும்தானே வரணும்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் கேள்வி நியாயமான கேள்வி.

அந்தப் பெண்ணின் கதையையும் அவரே சொன்னார். இரண்டு வருஷம் வயல் வயலாகப் போய் மண் எடுத்துச் சோதித்தது அவள். விஷயத்தைச் சொல்லிக் கொடுத்து, தப்பைத் திருத்தியவர் அவளுடைய கைடு. இதுவரை சரி. முதல் தடவை அவள் வந்தபோது இரண்டு பெயர்தான் இருந்ததாம். அடுத்த தடவை துறைத்தலைவர் பெயர் சேர்ந்தது. அதற்கடுத்த தடவை அவருக்கு வேண்டிய ஒருவர். நாலாவது தடவை, "தலைவர் பேரை முதல்ல கொண்டு வரணுமாம் அண்ணே" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாளாம். அவள் பெயர் முதலிலிருந்து மூன்றாம் இடத்துக்குப் போயிற்று.

இதில் யாரும் வில்லன் இல்லை என்பதுதான் கஷ்டம். அந்தத் துறைத்தலைவரைக் கேட்டால், "என் டிபார்ட்மென்ட், என் லேப், நான் கையெழுத்துப் போட்டு வாங்கின கெமிக்கல். பெரியவங்க பேரைப் போடறது மரியாதை இல்லையா?" என்பார். மனப்பூர்வமாகவே சொல்வார். நம் கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். தாத்தா, பெரியப்பா, சித்தப்பா, தாய் மாமன் என்று வரிசையாகப் பெயர்கள். கல்யாணச் செலவில் பத்து பைசா போடாத பெரியப்பா பெயரை விட்டுவிட்டால் அந்த வீட்டில் அப்புறம் பேச்சு வார்த்தை இருக்காது. அங்கே பெயர் என்பது மரியாதை. நாம் ஆராய்ச்சிக் கட்டுரையையும் கல்யாணப் பத்திரிகை போலவே அச்சடிக்கிறோம்.

ஆனால் அது கல்யாணப் பத்திரிகை இல்லை. ஜாமீன் பத்திரம்.

மருத்துவ இதழ் ஆசிரியர்களின் அந்தக் குழு சொல்லும் விதிகள் நாலு. ஆய்வில் கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியோ முக்கியமாகத் திருத்தியோ இருக்க வேண்டும். கடைசி வடிவத்தைப் படித்துச் சம்மதிக்க வேண்டும். நாலாவதை 2013ல் சேர்த்தார்கள். கட்டுரையைப் பற்றி நாளைக்கு யார் கேள்வி கேட்டாலும் பதில் சொல்லப் பொறுப்பேற்க வேண்டும். நாலும் சேர்ந்து இருந்தால்தான் ஆசிரியர். டைப் அடித்தவர், மொழியைத் திருத்தியவர், இடமும் பணமும் கொடுத்தவர் ஆகியோருக்குக் கட்டுரையின் கடைசியில் 'நன்றி' என்று ஒரு பகுதி இருக்கிறது.

நாலாவது விதி ஏன் தேவைப்பட்டது? 2002ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் ஹென்ட்ரிக் ஷோன் என்ற இளம் இயற்பியலாளர் மாட்டிக்கொண்டார். நேச்சர், சயின்ஸ் என்று உலகத்தின் பெரிய இதழ்களிலெல்லாம் எழுதித் தள்ளியவர். பல கட்டுரைகளில் எண்கள் ஜோடிக்கப்பட்டவை என்று விசாரணைக் குழு கண்டுபிடித்தது. மூல ஆவணங்கள் எங்கே என்று கேட்டதற்கு, கம்ப்யூட்டரில் இடமில்லாததால் அழித்துவிட்டேன் என்றார். அந்தக் கட்டுரைகளில் கூட்டாசிரியர்களாகப் பெயர் போட்டவர்கள் இருபது பேர் அளவில் இருந்தார்கள். மோசடியில் அவர்களுக்குப் பங்கில்லை என்று குழு விடுவித்துவிட்டது. நல்லது. ஆனால் வெற்றியில் பங்கு, தப்பில் பங்கில்லை என்றால் அந்தப் பெயர்களுக்கு என்னதான் அர்த்தம்? இந்தக் கேள்வி அன்றிலிருந்து அறிவியல் உலகத்தைத் துரத்திக்கொண்டிருக்கிறது.

பூனைக்கே பெயர் போட்ட கதையும் உண்டு. 1975ல் மிச்சிகனில் ஜாக் ஹெதரிங்டன் என்ற இயற்பியலாளர் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். ஆனால் முழுக்க 'நாங்கள்' என்று எழுதிவிட்டார். ஒரே ஆசிரியர் 'நாங்கள்' போட்டால் அந்த ஜர்னல் ஏற்காது என்று நண்பர் ஒருவர் எச்சரித்தார். டைப்ரைட்டர் காலம். முழுவதையும் திரும்ப அடிக்கச் சோம்பல். தன் பூனை செஸ்டரை எஃப்.டி.சி. வில்லர்ட் என்ற பெயரில் இரண்டாவது ஆசிரியராகச் சேர்த்துவிட்டார். கட்டுரை ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸில் வெளியாகியும் விட்டது. சிரிக்கலாம். ஆனால் லேப் பக்கமே வராத மனிதருக்கும் அந்தப் பூனைக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். 2023ல் சில கட்டுரைகளில் சாட்ஜிபிடியை ஆசிரியராகச் சேர்த்தபோது இதழ்கள் கூடாது என்று சொன்னதற்கும் காரணம் இதேதான். அது எழுதும். ஆனால் பதில் சொல்லக் கூப்பிட்டால் வந்து நிற்க முடியாது.

உதவி செய்துவிட்டுப் பெயரை எடுத்துக்கொள்ளாதவர்கள் நம் கதையிலேயே இருக்கிறார்கள். 1911ல் ராமானுஜனின் முதல் கட்டுரை இந்திய கணிதச் சங்கத்தின் ஜர்னலில் வெளிவந்தது. அதற்கு முன் அந்தக் கைப்பிரதி ஆசிரியர் நாராயண ஐயங்காருக்கும் ராமானுஜனுக்கும் இடையே மூன்று தடவை போய்ப் போய் வந்ததாகச் சொல்வார்கள். ராமானுஜன் எழுதியது மற்றவர்களுக்குப் புரியவில்லை. பொறுமையாகத் திருத்த வைத்தார் ஐயங்கார். கட்டுரையில் பெயர் ராமானுஜன் மட்டும். 1924 ஜூனில் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் தன் கட்டுரையை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டீன் அதைத் தன் கையால் ஜெர்மனில் மொழிபெயர்த்து, இது முக்கியமான முன்னேற்றம் என்று ஒரு குறிப்பும் எழுதி வெளியிடச் செய்தார். ஆசிரியர் போஸ். மொழிபெயர்த்தவர் ஐன்ஸ்டீன். செய்ததைத் தாண்டி ஓர் அங்குலம் கேட்கவில்லை.

காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனால் இன்னும் பழைய கதை. பதிமூன்றாம் நூற்றாண்டில் நம்பிள்ளை அங்கே திருவாய்மொழிக்கு உரை சொன்னார். பகலில் கேட்டதை ராத்திரியில் உட்கார்ந்து ஓலையில் எழுதினார் சீடர் ஒருவர். நம்பிள்ளைக்குத் தெரிய வந்தபோது, அனுமதியில்லாமல் ஏன் எழுதினீர் என்று கோபித்துக்கொண்டு ஓலைகளை வாங்கி வைத்துக்கொண்டார் என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது. அதுதான் 'ஈடு முப்பத்தாறாயிரப்படி'. முப்பத்தி இரண்டு எழுத்து ஒரு படி, அப்படி 36,000. அந்தக் காலத்து வேர்ட் கவுன்ட்! எழுதியவருடைய சொந்தப் பெயர் கிருஷ்ணபாதர். தெருவின் பெயராலேயே வடக்குத் திருவீதிப் பிள்ளை என்று நிலைத்துவிட்டார். சொன்னவர் இவர், எழுதியவர் இவர் என்று வைணவ உலகம் இன்றைக்கும் இரண்டு பேரையும் பிரித்துச் சொல்கிறது. எழுதியவரைச் சொன்னவராக்கவில்லை, மறக்கவும் இல்லை. 'ஈடு' என்ற சொல்லுக்கு அடமானம் என்றும் ஓர் அர்த்தம் உண்டு. பெயர் போடுகிறவர் அடமானம் வைப்பது தன் நாணயத்தை.

இப்போது தென்னூர்ப் பெண்ணுக்கு வருவோம். கட்டுரையை அனுப்பும்போது, இதிலுள்ள எல்லா ஆசிரியர்களும் உண்மையிலேயே பங்களித்தவர்கள் என்று ஓர் உறுதிமொழியில் அவள் டிக் அடிக்க வேண்டும். இரண்டு வருஷம் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதாமல் வேலை செய்தவள், தன் முதல் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே பொய் சொல்கிறாள். சொல்ல வைப்பவர்கள் அவளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்தவர்கள். மேற்கோளில் ஒரு கமா தப்பினால் கட்டுரை திரும்பி வரும். இந்தத் தப்புக்குத் திரும்பி வருவதில்லை.

அவள் எதிர்த்து நிற்க வேண்டாமா என்று கேட்கலாம். இங்கே உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்வது எனக்குச் சுலபம். அவளுடைய ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் அவர்கள்தான். பி.எச்டி ஆய்வேடு கொடுக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியாக வேண்டும் என்று யு.ஜி.சி. 2016ல் விதி வைத்திருந்தது. 2022ல் அந்தக் கட்டாயம் போயிற்று. ஆனால் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரைகளை எண்ணிப் பார்க்கும் வழக்கம் போகவில்லை. எண்ணும் வரை பெயர்கள் பெருகும். ஏகலைவனிடம் கட்டை விரலைக் கேட்டது தப்பு என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். கொடுத்தது தப்பு என்று யாரும் சொல்வதில்லை. அதனால் நல்லவனாக இருக்கும் பொறுப்பு, கேட்கக்கூடிய இடத்தில் இருப்பவருக்குத்தான் முதலில்.

ஒரு பெயர் ஒரு வரியில் இருப்பது அவ்வளவு பெரிய விஷயமா? திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் பதினெட்டு வயதில், 1906ல், தன் முதல் கட்டுரையை லண்டனில் வெளியிட்டார். அதில் அவர் பெயர் மட்டும். 1928 மார்ச் 31 நேச்சர் இதழில் வந்த புதிய கதிர்வீச்சு பற்றிய குறிப்பில் இரண்டு பெயர்: ராமன், கே.எஸ். கிருஷ்ணன். உலகம் அதை 'ராமன் விளைவு' என்றே சொல்கிறது. 1930ல் நோபல் பரிசும் ஒருவருக்குத்தான். ஆனாலும் வத்திராயிருப்பிலிருந்து போன கிருஷ்ணனின் பங்கைப் பற்றி யார் எப்போது கேட்டாலும், அந்த ஒரு வரி சாட்சி சொல்லும்.

டிடிபிக்காரரிடம் விதிகளை விளக்கினேன். உங்கள் பெயர் ஆசிரியர் வரிசையில் வராது, நாளைக்கு யாராவது மண்ணில் எத்தனை சதவீதம் நைட்ரஜன் என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியாது, ஆனால் 'நன்றி'யில் தாராளமாக வரலாம் என்றேன். யோசித்தார். "அப்படின்னா மத்த மூணு பேரும் சொல்லுவாங்களா சார்?" என்றார். பிறகு, "நன்றியெல்லாம் கிடக்கட்டும், பாக்கி நானூறு ரூபா வந்தாப் போதும்" என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இதைப் படிக்கும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் ஒருவர் மரியாதைக்காக உங்கள் பெயரைச் சேர்த்துக்கொண்டு வந்தால், கட்டுரையை ஒருமுறை முழுக்கப் படித்துப் பாருங்கள். மூன்றாவது அட்டவணையைப் பற்றி யாராவது நடுராத்திரியில் போன் செய்து கேட்டால் பதில் சொல்ல முடியுமா? முடியும் என்றால் இருக்கட்டும். முடியாது என்றால், பேனாவை எடுத்து உங்கள் பெயரை நீங்களே அடித்துவிடுங்கள். அவளால் அடிக்க முடியாது.