ஒன்பதாம் வகுப்பில் தொடங்க வேண்டியது எது?

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு ஆண்டுகள். கல்லூரிக்கு விண்ணப்பம் போவது கடைசி ஆண்டின் முதல் பாதியில். ஆனால் அதோடு போகும் மதிப்பெண் பதிவில் ஒன்பதாம் வகுப்பின் பாடங்கள் தொடங்கி எல்லாமே இருக்கும். பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கட்-ஆஃபாக மாற்றிப் பொறியியலுக்குப் போன தமிழ்ப் பெற்றோர் அங்கே குடியேறும்போது, நான்கு ஆண்டும் கணக்கில் வரும் என்பது மனத்தில் பதியக் கொஞ்சம் காலமாகிறது. அதன் பிறகு பலருக்கு எதிர்த்திசைப் பதற்றம் பிடித்துக்கொள்கிறது: பதினான்கு வயதிலேயே எல்லாவற்றையும் தொடங்கிவிட வேண்டும் என்று.

எல்லாவற்றையும் தொடங்க வேண்டியதில்லை. பின்னால் திருத்த முடியாதவற்றை மட்டும் முன்னதாகத் தொடங்கினால் போதும்.

அவற்றில் முதலாவது பாடத் தேர்வு, அதிலும் கணிதம். அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ், கால்குலஸ் என்று ஐந்து படிகள். பள்ளியோ நான்கு ஆண்டு. எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 முடித்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் இயல்பாகக் கால்குலஸுக்கு வந்துவிடும். மற்றவர்கள் கோடை விடுமுறையில் ஒரு பாடமோ, ஒரே ஆண்டில் இரண்டு கணிதப் பாடங்களோ எடுத்தாக வேண்டும். சான் பிரான்சிஸ்கோ பள்ளி நிர்வாகம் 2014-இல் எட்டாம் வகுப்பிலிருந்து அல்ஜீப்ரா 1-ஐ நீக்கியபோது, பெற்றோர் பல ஆண்டுகள் விடாமல் எதிர்த்தது இதனால்தான். பொறியியல் படிக்க விரும்புவது பதினோராம் வகுப்பில் தெரியவந்தால், விட்ட படியை எட்டிப் பிடிப்பது கடினம்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் விதி இன்னும் தெளிவானது. குறிப்பிட்ட துறைகளில் 15 ஆண்டுப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும். அவற்றில் 11, கடைசி ஆண்டுக்கு முன்பே. ஒன்பதாம் வகுப்புப் பாடங்கள் இந்த எண்ணிக்கையில் சேரும். ஆனால் அந்த ஆண்டின் கிரேடு, பல்கலைக்கழகம் கணக்கிடும் சராசரியான ஜிபிஏ-வில் சேராது. புதுப் பள்ளியில் தடுமாறிய ஒரு பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். இதைப் பிள்ளையிடம் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, பணம். கூட்டாட்சி உதவிக்கான ஃபாஃப்ஸா படிவத்தை நிரப்புவது பன்னிரண்டாம் வகுப்பில்தான் என்றாலும், அது கேட்பது இரண்டு ஆண்டுக்கு முந்தைய வருமான வரிக் கணக்கை. 2026 இலையுதிர் காலத்தில் கல்லூரி சேர்பவருக்கு 2024-ஆம் ஆண்டின் வருமானம் பார்க்கப்படும். அதாவது பிள்ளை பத்தாம் வகுப்பின் பின்பாதியிலும் பதினோராம் வகுப்பின் முன்பாதியிலும் இருந்த காலம். அந்த ஆண்டில் பங்குகளை விற்று லாபம் பார்த்த குடும்பம், தன் வழக்கமான நிலையைவிட வசதியானதாகத் தெரியும். முன்கூட்டியே அறிந்து பயன்பெறக்கூடிய செய்தி இது. விண்ணப்ப ஆலோசனைகளில் அதிகம் பேசப்பட வேண்டியதும் இதுவே.

மற்றவை காத்திருக்கலாம். நூற்றுக்கணக்கான கல்லூரிகள் ஏற்கும் பொது விண்ணப்பமான காமன் ஆப், 1975-இல் 15 கல்லூரிகளோடு தொடங்கியது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி புதிய பருவத்துக்குத் திறக்கும். அதில் பள்ளிக்கு வெளியே செய்தவற்றுக்குப் பத்து இடங்கள். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள். இந்தப் பத்துக் கட்டங்களை நிரப்புவதற்காகவே சிறுவயதிலிருந்து சங்கங்களிலும் சேவைகளிலும் பிள்ளைகளைச் சேர்ப்பது வருத்தமான வழக்கம். தனக்குப் பிடித்ததைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய வயதில், பிறருக்குப் பிடிப்பதைத் தேட அது கற்றுக்கொடுக்கிறது. ஹார்வர்ட் கல்விப் பள்ளியிலிருந்து 2016-இல் வந்த ஓர் அறிக்கையும் எண்ணிக்கையைவிட ஆழத்தை மதிக்கும்படி கல்லூரிகளைக் கேட்டுக்கொண்டது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும் குடும்பத்துக்காக வேலைக்குப் போவதும் மதிக்கப்பட வேண்டும் என்றது. காமன் ஆப்பிலும் குடும்பப் பொறுப்புக்கும் சம்பள வேலைக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. இதை அறியாமல் அவற்றை எழுதாமல் விடும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஆலோசகரின் ஒரு வார்த்தை உதவும்.

காமன் ஆப்பில் எழுதும் கட்டுரைக்கு உச்ச வரம்பு 650 சொற்கள். பதினேழு வயதில் தன்னைப் பற்றி எழுத வேண்டியதைப் பதினான்கு வயதில் எழுதிவைக்க முடியாது. பதினோராம் வகுப்பு முடிந்த கோடையே அதற்குச் சரியான காலம். பரிந்துரைக் கடிதத்தைப் பதினோராம் வகுப்பு ஆசிரியரிடம், விடுமுறைக்கு முன் கேட்டுவிடுவது நல்லது.

முன்கூட்டி முடிவெடுக்கும் 'எர்லி டிசிஷன்' விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் நவம்பர் 1 கெடு. இடம் கிடைத்தால் சேர்வதாக உறுதி கொடுத்துவிட்டு அனுப்புவது அது. எனவே பல கல்லூரிகளின் உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. போதிய உதவி கிடைக்காவிட்டால் மட்டும் உறுதியிலிருந்து விலகலாம். பணத்தை எண்ணிச் செலவு செய்யும் குடும்பம் கட்டுப்படுத்தாத 'எர்லி ஆக்‌ஷன்' வழியிலோ, பெரும்பாலும் ஜனவரியில் முடியும் வழக்கமான சுற்றிலோ விண்ணப்பிக்கலாம். அப்போது வந்த உதவித்தொகைக் கடிதங்களை அருகருகே வைத்துப் பார்த்து, பல கல்லூரிகள் பதில் கேட்கும் மே 1-க்குள் முடிவெடுக்க நேரம் இருக்கும்.