வினாவும் விருந்தும்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர் எவரும் ஒரு வினாவினின்று தப்புவதற்கில்லை. குழந்தை கண்டிராத ஒன்றை அதன் நினைவாகவே ஆக்கிக் கொடுக்க நமக்கு உரிமை உண்டா?

யூத மக்கள் இவ்வினாவை உணவு மேசையிலேயே வைத்துக்கொண்டார்கள். பாஸ்கா விழாவின் முதல் இரவில், எகிப்தில் அடிமைப்பட்டிருந்த முன்னோர் விடுதலை பெற்ற கதையைக் குடும்பமாக அமர்ந்து சொல்லுகிறார்கள். சொல்லுபவர் பெரியவர், தொடங்கி வைப்பதோ வீட்டின் கடைக்குட்டி. இந்த இரவு மட்டும் ஏன் இப்படி என்று அக்குழந்தை கேட்க வேண்டும். கேட்ட பிறகே கதை. மாவு புளிக்கும்வரை காத்திராமல் புறப்பட்டதற்குப் புளியாத அப்பம், அடிமை வாழ்வுக்குக் கசப்புக் கீரை, கண்ணீருக்கு உப்புநீர். அப்பத்தில் ஒரு துண்டை ஒளித்து வைத்து, கண்டுபிடிக்கும் குழந்தைக்குப் பரிசும் தருகிறார்கள். கதை முடியுமுன் குழந்தை உறங்கிவிடக் கூடாதல்லவா!

இது கடல் கடந்த கதை மட்டுமன்று. கொங்கணக் கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரேல் யூதர்கள் மராத்தி பேசினார்கள்; செக்காட்டிப் பிழைத்தார்கள். எபிரேயம் ஏறக்குறைய மறந்துபோயிற்று. சனிக்கிழமை ஓய்வை மட்டும் விடாததால் ஊரார் அவர்களைச் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர், என்றழைத்தனர். 1874-ல் புணேயில் அவர்களுக்காக மராத்தியுடன் அச்சான பாஸ்கா நூலின் படத்தில், அப்பம் இடும் பெண்கள் சேலை உடுத்தியிருக்கிறார்கள். மொழி போனால் எல்லாம் போயிற்று என்று மேடைதோறும் முழங்கும் நாம் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

பாஸ்கா நூல் நான்கு வகைப் பிள்ளைகளைக் கூறுகிறது: அறிவுள்ளவன், எதிர்த்துப் பேசுபவன், பேதை, கேட்கவே அறியாதவன். இரண்டாமவன், உங்களுக்கு எதற்கு இந்தச் சடங்கு என்கிறான். ‘நமக்கு’ என்னாது ‘உங்களுக்கு’ என்றதே அவன் குற்றம். அன்று அங்கிருந்திருந்தால் நீ விடுதலை பெற்றிருக்க மாட்டாய் என்பது அவனுக்கு விடை. மிகக் கடுமையான விடை என்றே நமக்குப் படுகிறது. ஆயினும் அவனுக்கும் மேசையில் இடமுண்டு. அவன் கேள்வியும் ஆண்டுதோறும் உரக்கப் படிக்கப்படுகிறது. கேட்ட பிறகே கொடுக்கிறோம் என்பதில்தான் நாம் முதலிற் கூறிய உரிமை தங்கியிருக்கிறது போலும். அப்படியாயின், எந்தக் குரலில் வந்தாலும் கேள்வி கேள்வியே.

சென்ற பொங்கலன்று நம் அரசாங்கக் குடியிருப்பில் எரிவாயு அடுப்பின்மீது பானை ஏற்றியிருந்தோம். ‘வயலையே பார்க்காத உங்களுக்கு எதற்கு இது?’ என்று இந்தியில் கேட்டான் பத்தாம் வகுப்பு பயிலும் மகன். அதட்டினோம். அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டான். பால் பொங்கியபோது ‘பொங்கலோ பொங்கல்’ என்று கூவியவர்கள் நாமும் இல்லாளும் மட்டுமே.