புல்வெளியின் ஸ்வதர்மம்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டுக்குச் செல்லும் சாலையில், கோவிந்தாபுரத்தில் தமிழகம் முடிந்து கேரளம் தொடங்குகிறது. பெயர்ப்பலகைகள் இல்லாவிடில் அந்த எல்லையை மண்ணில் கண்டுபிடிக்க இயலாது. ஆனால் தெற்கே எழும் ஆனைமலைத் தொடரைக் கடந்து, இடுக்கி மாவட்டத்து இரவிகுளம் தேசியப் பூங்கா வரை சென்றால் வேறு விதமான ஓர் எல்லையைக் காணலாம். மலை மடிப்புகளில் அடர்ந்த சோலைக்காடு. அதன் விளிம்பிலிருந்து சரிவெங்கும் திறந்த புல்வெளி. முன்னது மனிதன் வகுத்த எல்லை. பின்னது இயற்கை வகுத்தது.

இந்தப் புல்வெளி, காடு அழிந்து உண்டானதன்று. உறைபனி இளங்கன்றுகளைக் கருக்கிவிடுவதால் சோலை மரங்கள் திறந்த சரிவுகளில் எளிதில் வேரூன்றுவதில்லை. நீலகிரியின் சதுப்பு மண் அடுக்குகளை ஆராய்ந்து 1993-இல் வெளியான ஆய்வு, அங்கே 20,000 ஆண்டுகளுக்கு முன்பே புல்வெளி இருந்ததைக் காட்டியது. மழையையும் மூடுபனியையும் வாங்கி, ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக வழங்குவதில் புல்லுக்கும் பங்கு உண்டு. வரையாடு மேய்வதும், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூப்பதும் இங்கேதான்.

ஆயினும் மனிதனின் கண்ணுக்கு இது வெற்றிடமாகத் தோன்றியது. தோல் பதனிடுவதற்கும் விறகுக்கும் மரக்கூழுக்கும் பயன்படும் என்று கருதி, ஆங்கிலேயர் காலத்திலும் அதன் பின்னரும் நீலகிரி, பழனி, ஆனைமலைப் புல்வெளிகளில் சீகை, தைலமரம், பைன் ஆகிய அயல் மரங்கள் நடப்பட்டன. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் பைன் இனம் எதுவும் இல்லை. வாகமணில் இன்று பயணிகள் வியந்து காணும் பைன் காடும் மனிதன் நட்டதே. அதே வாகமணின் புல்வெளிக் குன்றுக்கு மொட்டக்குன்னு, அதாவது மொட்டைக் குன்று, என்று பெயர். மரம் இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை என்று நினைக்கும் மனப்பாங்கு அந்தப் பெயரிலேயே தெரிகிறது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். மரம் நடுவது புண்ணியச் செயல் அல்லவா? ஆம், சாலையோரத்திலும் வறண்ட ஊரிலும் அது புண்ணியமே. ஆனால் நற்செயல் என்பது செயலின் பெயரால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. எங்கே, எதற்கு, யாருக்கு என்று ஆராயும் விவேகம் அதற்குத் துணை நிற்க வேண்டும். புல்வெளியில் பரவிய சீகை, வரையாட்டின் மேய்ச்சலைப் பறித்தது. நல்லெண்ணத்துடன் நட்டிருந்தாலும் விளைவு அதுவே. விவேகமற்ற கருணை, தான் உதவ வந்த பொருளையே அழித்துவிடக்கூடும்.

ஒவ்வொருவருக்கும் அவரவர் ஸ்வதர்மம் உண்டு என்கிறோம். புல்லுக்கும் அது உண்டு. புல்லை மரமாக்க முயல்வது, பிள்ளையின் இயல்பை அறியாமல் அவனைத் தன் விருப்பத்தின் அச்சில் வார்க்க முயலும் தந்தையின் செயலைப் போன்றது. நேசிப்பதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டும். அறிவதற்கு முன் 'எனக்கு இதனால் என்ன பயன்?' என்ற கேள்வியைச் சற்றே விலக்கி வைக்க வேண்டும். இதுவே வைராக்கியத்தின் தொடக்கம்.

பொதுநிலத்திற்குச் செல்லும் பயணிக்கும் இது பொருந்தும். 'எல்லோருக்கும் உரியது' என்பதை நாம் 'எனக்கும் உரியது, ஆகவே என் விருப்பம் போல் நடக்கலாம்' என்று பொருள் கொள்கிறோம். உண்மையில் எல்லோருக்கும் உரியதில் இனிமேல் பிறக்கப் போகிறவர்களுக்கும், வாய் பேசாத உயிர்களுக்கும் பங்கு உண்டு. அங்கே நாம் விருந்தினர்கள். விருந்தினனுக்கு உரிமையைக் காட்டிலும் அடக்கமே அழகு.

இரவிகுளத்தில் பயணிகள் செல்லக்கூடிய பகுதி ராஜமலை. வரையாடுகள் குட்டி ஈனும் காலத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், அதையும் மூடிவிடுகிறார்கள். கருவறையில் திரை போட்டிருக்கும்போது நாம் வெளியே கைகூப்பிக் காத்திருக்கிறோம். திரை விலகவில்லையே என்று சினம் கொள்வதில்லை. மலையின் திரைக்கும் அதே மரியாதையைத் தருவோம். சில வேளைகளில், போகாமல் இருப்பதும் தரிசனமே.