தொலைவும் நீதியும்

வீட்டு இணையத்தின் கட்டணமும் தரமும் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடுவது பொறியியல், வணிகம் ஆகியவற்றின் சிக்கலாகவே பெரும்பாலும் ஆராயப்படுகிறது. எனினும், வாழும் இடத்தைக் காரணமாக்கி ஒருவருக்குக் குறைந்த சேவையை மிகுந்த விலைக்கு வழங்குவது அறமாகுமா என்னும் மெய்யியல் வினாவும் அதனுள் பொதிந்துள்ளது.

அந்தமான் நிக்கோபார் தீவுகள் இவ்வினாவுக்குத் தெளிவான சான்று. நிலப்பரப்போடு கம்பிவட இணைப்பு இல்லாத காலத்தில் அத்தீவுகள் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. புவியின் சுழற்சிக்கு ஈடாகச் சுற்றிவரும் புவிநிலைச் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒரு வேண்டுகோள் சென்று விடை திரும்புவதற்கு ஏறத்தாழ அரை நொடி பிடித்தது. அதன் கொள்திறன் குறுகியதாகவும் விலை உயர்ந்ததாகவும் இருந்தது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில் இடப்பட்ட ஒளியிழை வடம், அதாவது தகவலை ஒளித்துடிப்புகளாகக் கடத்தும் கண்ணாடி இழைகளின் தொகுதி, 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. இதன் செலவு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகையோ நான்கு இலட்சத்துக்கும் குறைவு. ஆதாயத்தை மட்டும் கருதும் எந்த நிறுவனமும் ஏற்காத இச்செலவை, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் ஒரு பங்கைப் பெற்றுத் திரட்டப்பட்ட அனைவருக்குமான சேவைக் கடப்பாட்டு நிதி ஏற்றது.

நகரவாசியின் கட்டணத்தில் ஒரு துளி தீவுவாசிக்குச் செல்வது முறையா என்ற மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. தாமே தேர்ந்தவற்றின் விளைவை ஒருவர் ஏற்கவேண்டும்; தேராமல் வாய்த்த சூழலின் சுமையைச் சமூகம் பகிரவேண்டும் என்று இரண்டையும் பிரித்துக் காட்டியவர் மெய்யியலாளர் ரொனால்டு டுவொர்க்கின். தீவில் பிறந்த குழந்தையோ தன் பிறப்பிடத்தைத் தேரவில்லை. ஜான் ரால்ஸ் 1971-இல் வெளியிட்ட ‘நீதிக் கோட்பாடு’ என்னும் நூலின் கருத்துப்படி, இயற்கையின் பகிர்வு நீதியுமன்று, அநீதியுமன்று; அதை நிறுவனங்கள் கையாளும் முறையே நீதிக்கு உட்பட்டது. 1854-இலேயே இந்திய அஞ்சல்துறை, தொலைவைக் கருதாமல் ஒரே எடையுள்ள கடிதத்துக்கு ஒரே கட்டணத்தை விதித்தபோது இத்தகைய பகிர்வு நடைமுறைக்கு வந்துவிட்டது.

இணையத்தைப் பொறுத்தவரை இக்கடமைக்கு மேலும் வலிய காரணம் உண்டு. தேர்வு விண்ணப்பம், உதவித்தொகை, நில ஆவணம் போன்றவற்றை அரசே இணையத்துக்கு மாற்றிய பின், அது விரும்புவோர் மட்டும் வாங்கும் பண்டமாக இருப்பதில்லை. குடிமகன் தன் உரிமையைப் பெறக் கடந்தாக வேண்டிய வாயிலாகிவிடுகிறது. அவ்வாயிலைக் கட்டாயமாக்கிய அரசு, அதை அடையும் வழியைச் சந்தையிடம் மட்டும் விட்டுவிட்டால், அதுவரை புவியியலின் துன்பமாக இருந்தது அரசு இழைக்கும் அநீதியாக மாறுகிறது.

எனினும், எங்கும் ஒரே வேகம் என்பது இக்கடமையின் அளவுகோலாகாது. எதில் சமத்துவம் வேண்டும் என்று 1979-இல் வினவிய அமர்த்தியா சென், கையிலுள்ள பொருளைவிட அதைக்கொண்டு ஒருவரால் என்ன செய்ய இயலும் என்பதையே, அதாவது இயலுமையையே, அளக்கச் சொன்னார். ஆகவே, ஓர் ஊரின் மாணவி பாடத்தைத் தடையின்றிக் கேட்கவும், நோயாளி தொலைவிலுள்ள மருத்துவரோடு பேசவும், அவர்களுடைய வருவாய்க்குத் தாங்கக்கூடிய கட்டணத்தில் இயலவேண்டும். அந்த அடித்தளம் எல்லா வட்டாரங்களிலும் உறுதியான பின்னரே, அதற்கு மேலுள்ள வேறுபாடுகளைச் சந்தையின் போக்குக்கு விடுவது நியாயமாகும்.