ஜும்ஆ பயான்: குறையுள்ள பொருளும் வாங்கியவரின் உரிமையும்

அல்ஹம்து லில்லாஹ். ஸலாத்தும் ஸலாமும் நம் நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



போன வாரம் அஸருக்குப் பிறகு நம் ஜமாஅத் சகோதரர் ஒருவர் என்னிடம் வந்து உட்கார்ந்தார். ஒன்பது லட்ச ரூபாய்க்குப் புதுக் கார் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் அணைந்துவிடுகிறது. ஐந்து முறை ஷோரூமில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் வைத்திருந்து, கழுவித் துடைத்து, ஒரு குறையும் இல்லை என்று திருப்பிக் கொடுக்கிறார்களாம். கடைசியாக நீடாமங்கலம் ரயில்வே கேட். நம்மில் அங்கே காத்துக் கிடக்காதவர் யார்? கேட் திறந்ததும் வண்டியை எடுத்திருக்கிறார், தண்டவாளத்தின் மேலேயே இன்ஜின் நின்றுவிட்டது. உள்ளே மனைவி, இரண்டு பிள்ளைகள். பின்னால் வந்தவர்கள் இறங்கித் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "ஹஜ்ரத், ஸபூர் செய்துகொண்டு விட்டுவிடவா? இல்லை, ஒரு புரோக்கர் கேட்கிறார், பேசாமல் அவரிடம் தள்ளிவிடவா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து போனார்கள். குவியலுக்குள் கையை விட்டார்கள், விரல்களில் ஈரம் பட்டது. என்ன இது என்று கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்ல என்ற கருத்தில் சொன்னார்கள். முஸ்லிம் ஷரீபில் வரும் ஹதீஸ் இது.

இதை டெல்டாக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். குறுவை அறுவடையும் ஐப்பசி மழையும் சேர்ந்து வரும் ஊர் நம்முடையது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் என்ன பாடு என்பது உங்களுக்குத் தெரியும். காய்ந்த நெல்லை மேலே பரப்பி ஈர நெல்லை அடியில் வைப்பது எப்படியோ, அப்படித்தான் பாலிஷ் போட்ட காருக்குள் அணைந்துபோகும் இன்ஜினை வைத்து விற்பதும். நெல்லிலாவது பணம்தான் நஷ்டம். இங்கே அடுத்து அந்தத் தண்டவாளத்தில் நிற்கப்போவது வேறொருவர் வீட்டுப் பிள்ளைகள். குறையைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்றால் வியாபாரம் கூடும். ஆனால் புரோக்கர் அதை அடுத்தவரிடம் சொல்வாரா? எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் வேண்டாம் என்றேன்.

இனி ஸபூர். உரிமையைக் கேட்காமல் வாயை மூடிக்கொள்வதற்கு ஸபூர் என்று யார் பெயர் வைத்தது? நம் ஃபிக்ஹு நூல்களில் கியாருல் ஐப் என்று தனிப் பாடமே இருக்கிறது. வாங்கும்போது தெரியாத குறை, விற்றவரிடம் இருக்கும்போதே இருந்த குறை பிறகு வெளிப்பட்டால், பொருளைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில், தெரிந்தவுடனே சொல்ல வேண்டும். ஹனஃபியில் தாமதம் மட்டும் உரிமையைப் போக்காது. ஆனால் குறையைப் பொருந்திக்கொண்டதைக் காட்டும்படி நடந்தால் உரிமை போய்விடும். ஆக, சும்மா இருப்பது எந்த மத்ஹபிலும் நல்லதல்ல.

நாட்டுச் சட்டமும் இதற்கு வழி வைத்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டியை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ஐந்து லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய். வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது.

வடநாட்டில் ஒருவர் 2015-ல் வாங்கிய ஹூண்டாய் கிரெட்டா 2017-ல் விபத்தில் சிக்கியது. ஏர்பேக் விரியவில்லை. அது விரியும் அளவுக்கு மோதல் இல்லை என்று கம்பெனி வாதாடியது. வேகத்தையும் விசையையும் கணக்குப் போட வாங்குபவர் என்ன பௌதிக நிபுணரா என்ற கருத்தில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லி, மாற்று வண்டியும் இழப்பீடும் தரச் சொன்ன உத்தரவை உறுதிசெய்தது. எல்லா வழக்கிலும் புது வண்டி கிடைத்துவிடாது. வாரண்டியில் பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் எழுதியிருக்கிறது என்றால் முழு வண்டியைக் கேட்க முடியாது என்று 2006-ல் ஒரு மாருதி கார் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே எழுத்து முக்கியம். அந்தச் சகோதரரின் ஐந்து ஜாப் கார்டுகளையும் வாங்கிப் பார்த்தேன். மூன்றில் 'ஜெனரல் செக்கப்' என்று மட்டும் இருக்கிறது! இன்ஜின் அணைகிறது என்ற பேச்சே இல்லை. நீங்கள் சொல்லும் குறையை நீங்கள் சொன்னபடியே எழுதவைத்து, படித்துப் பார்த்து, நகல் வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுக்க வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் பகரா சூராவின் நீண்ட ஆயத்தை ஓதுகிற உம்மத் நாம்.

புகார் சொல்வது புறம் ஆகாதா என்றும் கேட்டார். அநீதி செய்யப்பட்டவர் அதைத் தீர்த்துவைக்க அதிகாரம் உள்ளவரிடம் முறையிடுவதைப் புறத்திலிருந்து விலக்கியே இமாம் நவவீ (ரஹ்) எழுதியிருக்கிறார்கள். நடந்ததைச் சொல்லலாம், நடக்காததைச் சேர்க்கக் கூடாது. சம்பளத்துக்கு நிற்கும் சர்வீஸ் பையனைத் திட்டுவதிலும் பலன் இல்லை, முடிவு அவன் கையில் இல்லை.

நம் ஜமாஅத்திலும் ஷோரூமில் வேலை பார்க்கும் தம்பிமார்கள் இருக்கிறீர்கள். நபி (ஸல்) அவர்களிடம் ஒருவர் வந்து, தமக்கு வரவேண்டிய ஒட்டகத்தைக் கடுமையாகப் பேசிக் கேட்டார். தோழர்கள் கோபத்தோடு நெருங்கினார்கள். உரிமை உள்ளவருக்குப் பேச இடம் உண்டு என்று தடுத்து, அவருக்கு வரவேண்டியதைவிட நல்ல ஒட்டகத்தையே கொடுக்கச் செய்தார்கள். வாடிக்கையாளர் சத்தம் போடும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள், தம்பி. குறை இருப்பது தெரிந்தும், மேலே இருப்பவர் சொன்னார் என்பதற்காக 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

புதன்கிழமை அந்தச் சகோதரர் ஷோரூமுக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறார். பதில் வரவில்லை என்றால் ஆணையத்துக்குப் போவார், இன்ஷா அல்லாஹ். வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டார், ஓட்டுவதில்லை. பிள்ளைகள் இரண்டும் மேலத்தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகின்றன. அந்தப் பக்கம் காலையில் ஆட்டோவோ காரோ எடுப்பவர்கள் தொழுகை முடிந்ததும் என்னைப் பாருங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.