பலித்த போரும் புகைந்த போரும்

போர் போடத் துணிகிற விவசாயி ரிக் வண்டிக்குச் சொல்லும் முன், தண்ணீர் இருக்கும் இடத்தைக் குறித்துத் தரும் பாயிண்ட் பார்ப்பவரைத் தேடுகிறார். உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி நடப்பவர், கவட்டைக் குச்சி பிடிப்பவர், நிலத்தில் கம்பிகளை அடித்து ரெசிஸ்டிவிட்டி மீட்டரில் மின்தடை அளப்பவர் என இதில் பல வகையினர் உண்டு. எல்லோரும் விற்பது கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றிய தங்கள் சொல்லைத்தான். எனவே தன் திறமையைத் தானே எடுத்துச் சொல்லாமல் இந்தத் தொழிலில் காலூன்ற முடியாது. எதுவரை சொல்லலாம் என்பதில்தான் சிக்கல். தற்புகழ்ச்சி தகாது என்று சொல்லும் இலக்கண நூலான நன்னூலே புலவனுக்கு நான்கு இடங்களில் விலக்குத் தருகிறது: அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றல் அறியாதவர் நடுவில், அவையில் வாதிட்டு வெல்லும்போது, எதிரி பழிக்கும்போது. இவற்றில் மூன்று இடங்களில் பொய் சொன்னால் பிடிக்க ஆள் இருக்கும். அறியாதவர் நடுவில் மட்டும் அந்தக் காவல் இல்லை. சொன்னால்தான் அவருக்குத் தெரியும், சொல்வதைச் சரிபார்க்கவும் அவருக்கு வழியில்லை. ஆலோசகர் என்று பெயர் வைத்துக்கொண்ட எவருடைய பிழைப்பும் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் மண்ணே இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல சோதனைக்களம். மேற்கே விராலிமலை, இலுப்பூர், குளத்தூர்ப் பக்கம் கடும்பாறை. அங்கே தண்ணீர் பாறையின் மேல் சிதைந்த அடுக்கிலும் வெடிப்புகளிலும்தான் நிற்கும். வெடிப்பில் துளை விழுந்தால் ஊற்று. சில அடி தள்ளிப்போனால் பாறைத்தூள் வெள்ளையாகப் பறக்கும். 'புகைதான் வந்தது' என்று ஊரில் சொல்வது இதைத்தான். கிழக்கே ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கிப் பக்கம் படிவுப் பாறை. மணற்கல் அடுக்குகளில் நீர் பரவலாகத் தேங்கி நிற்பதால், ஆழம் போகப் பணம் இருந்தால் பெரும்பாலும் எங்கே துளைத்தாலும் தண்ணீர் கிடைக்கும். கீரமங்கலம் பக்கம் பாயிண்ட் குறித்து, 'நான் பார்த்த இடத்தில் பொய்த்ததே இல்லை' என்று ஒருவர் ஃபிளக்ஸ் வைத்தால் அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வெற்றி மணற்கல்லுடையது. அதே பலகையை விராலிமலையில் படிப்பவர் ஏமாறுகிறார். சொன்னது உண்மை என்பதால் மட்டும் விளம்பரம் நேர்மையாகிவிடாது. ஆலோசகர் இல்லாமலே எவ்வளவு பலித்திருக்கும், அதற்கு மேல் அவர் சேர்த்தது எவ்வளவு என்ற கணக்கு கூடவே வர வேண்டும்.

இப்படிக் கணக்கு மறைப்பவர்கள் எல்லோரும் எத்தர்கள் அல்லர். பெரும்பாலோர் தங்களையே நம்புகிறவர்கள். 1987-88இல் ஜெர்மனியின் மியூனிக் அருகே ஒரு களஞ்சியத்தில், தரைத்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்து, மேல்தளத்தில் நீரோட்டம் பார்ப்பவர்களை நடக்கவிட்டார்கள். ஏறத்தாழ 500 பேரில் தேறிய 43 பேரைக் கொண்டு 843 சோதனைகள் நடந்தன. ஒரு சிலருக்கு மெய்யான திறன் உண்டு என்றார்கள் ஆய்வாளர்கள். 1999இல் ஜிம் என்ரைட் என்ற அறிவியலாளர் அதே தரவுகளைப் பிரித்துப் பார்த்து, குருட்டாம்போக்கில் கிடைப்பதற்கு மேல் அவற்றில் ஒன்றுமில்லை என்று காட்டினார். நிறையப் பேரை நிறைய முறை நடக்கவிட்டால் யாராவது சிலருக்கு நன்றாக அமைந்துவிடும். அவர்களை மட்டும் எடுத்துக் காட்டினால் திறமைபோலத் தெரியும். பலித்த போர்களை மட்டும் படம் பிடித்து மாட்டுகிற பலகையும் இதையேதான் செய்கிறது, அதன் பின்னால் ரெசிஸ்டிவிட்டி மீட்டரே இருந்தாலும்.

அப்படியானால் விளம்பரத்தையே தடுத்துவிடலாமே என்று கேட்கலாம். மருத்துவர்களுக்கு 2002ஆம் ஆண்டின் நடத்தை விதிமுறைகளும், வழக்கறிஞர்களுக்கு பார் கவுன்சிலின் 36ஆம் விதியும் அந்த வழியில் போனவை. ஆனால் விளம்பரத்துக்குத் தடை போட்டால் ஏற்கெனவே பெயர் வாங்கியவருக்கு, அப்பன் பெயரில் பிழைப்பவருக்குத்தான் லாபம். புவியியல் படித்துவிட்டு யாரையும் தெரியாமல் வந்து நிற்கும் முதல் தலைமுறைப் பையன் வாயைத் திறக்கவே முடியாது. வேளாண்மைப் பொறியியல் துறையே குறைந்த கட்டணத்தில் நிலத்தடி நீர் பார்த்துத் தருகிறது. அதை உரக்கச் சொல்ல ஆளில்லாததால் எத்தனை பேருக்குத் தெரியாமல் கிடக்கிறது! அடக்கமும் சில நேரம் ஊருக்கு நட்டம்தான். இன்னொரு மறுப்பு கூர்மையானது: ஊரே நூறு சதவீதம் என்கையில், பத்தில் நாலு பொய்க்கும் என்று சொல்பவரிடம் யார் வருவார்? அவருக்கு உடனடி இழப்பு உண்டுதான். ஆனால் அந்த இழப்பிலிருந்து தப்புவதற்காகச் சொல்லும் பொய்யின் விலையைக் கட்டுபவர் அவரல்லர். அடிக்கணக்கில் ரிக் வண்டிக்குக் கடன் வாங்கிக் கொடுப்பவர்தான். 'தண்ணீர் வந்தால் மட்டும் காசு' என்ற வாக்கும் பார்வைக்குத்தான் அழகு. புகை வந்தால் பாயிண்ட் பார்த்தவருக்கு ஒரு காலைப்பொழுது போகிறது, நிலத்துக்காரருக்கு லட்சம் போகிறது. பாயிண்ட் பார்த்தவர் ரிக் வண்டிக்காரரிடம் கமிஷன் வாங்குபவர் என்றால் அந்தக் காலைப்பொழுதும் வீண் இல்லை.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு கோளாறும் உண்டு. கடும்பாறைப் பகுதியில் நிபுணர் சொல்லக்கூடிய மிக மதிப்புள்ள ஆலோசனை, பல நேரங்களில் 'இங்கே போட வேண்டாம்' என்பதுதான். அதைச் சொன்னவருக்குக் காட்ட ஊற்றும் இல்லை, மாட்டப் படமும் இல்லை, பலித்தால்தான் காசு என்றால் கூலியும் இல்லை. வந்து பார்த்ததற்கே கட்டணம் என்று முன்கூட்டிப் பேசி, எந்தப் பக்கம் எத்தனை பாயிண்ட் குறித்தார், எத்தனை பொய்த்தது, எத்தனை இடத்தில் வேண்டாமென்று திருப்பி அனுப்பினார் என்று நோட்டில் எழுதிவைத்துக் கேட்பவரிடம் காட்டினால், அதையும் சுயவிளம்பரம் என்றே சொல்லிக்கொள்ளலாம். யாரும் குறை சொல்ல முடியாது.